ஸ்ட்ராங் என்னும் பூதம்

கடல்நீர் உப்புக் கரிக்காதிருந்த காலத்தில், அலைமேடு என்னும் துறைமுக நாட்டில், ஆங்கிலக் கப்பலொன்று ஒரு கண்ணாடிக் குடுவையை விட்டுச் சென்றது. அதனுள் 'ஸ்ட்ராங்' என்னும் சொல் சிறையிருந்தது. வலிமையைக் குறிக்கும் அச்சொல், தன் பிறப்பை மறந்து பூதமாகியிருந்தது. குடுவை உடைந்தது. பூதம் வெண்பனியாய்க் கரையெங்கும் படர்ந்து, எதிர்ப்பட்டவரையெல்லாம் கேட்டது:

"நான் எதிலிருந்து பிறந்தேன்?"

"தசையிலிருந்து" என்றான் அரண்மனை மல்லன். விடை தவறியதும், பனி படர்ந்து நின்ற இடத்திலேயே உறங்கினான்.

"படையிலிருந்து" என்றார் அமைச்சர். உறங்கினார்.

"எனக்கு வேலை கிடக்கிறது, வழியை விடு" என்றாள், தேங்காய் நார் உலர்த்த வந்த காத்தாயி. அவளும் மணலில் சாய்ந்து உறங்கினாள்.

கடல் ஏறிவந்து அவள் பாதத்தைத் தொட்டது. மகள் பூங்காவனம் ஓடிவந்து தூக்கினாள். தாய் மலைபோல் கனத்தாள், அசையவில்லை.

"மூவர் உறங்குகிறார்கள். நீ என்ன சொல்வாய், பெண்ணே?" என்றது பூதம்.

"தூங்கவைப்பதில் கெட்டிக்காரர், ஐயா! தொட்டில் ஆட்டப் போயிருக்கலாம். உமக்கு ஏதேனும் நினைவிருக்கிறதா?"

பனி கனவில் பேசுவதுபோல் முனகியது. "குளிர்ந்த தேசம். யாரோ எதையோ இழுத்துப் பிடித்தார்கள். எனக்கொரு தங்கை இருந்தாள்."

பூங்காவனம் கயிறு திரிப்பவள். இழுத்துப் பிடிப்பது என்றதும் அவள் கை தானாக நாரைத் தேடியது.

"இந்த நுனியைப் பிடியும்."

நாரை இரண்டு இழைகளாக்கி, அந்தப் புரிகளை வலப்புறம் முறுக்கினாள். அவசரத்தில் வலப்புறமே சேர்த்தாள். கயிறு பிரிந்தது. நீர் தாயின் இடுப்பைத் தொட்டது. மீண்டும் அதே அவசரம், அதே தவறு. நீர் கழுத்தைத் தொட்டது.

மூன்றாம் முறை மூச்சை அடக்கினாள். புரிகளைத் தனித்தனியே வலப்புறம் முறுக்கி, இரண்டையும் இடப்புறமாகச் சேர்த்தாள். ஒன்று பிரிய முயல, மற்றது விடவில்லை. கயிறு விறைத்து நின்றது.

"இப்போது இழுத்துப் பாரும், ஐயா!"

பூதம் இழுத்தது. பனி முழுதும் சிலிர்த்தது.

"இறுக்கம்! இறுக்கத்திலிருந்து பிறந்தேன்! கடுமை பிறகு வந்தது. வலிமையென்று பெயர் எடுத்ததும் பிறகுதான். முறுக்கிய இழையாகிய 'ஸ்ட்ரிங்' என் தங்கை!"

பனி நூலாய் மெலிந்து கயிற்றின் முறுக்குக்குள் நுழைந்து அடங்கியது. மல்லன் எழுந்தான். அமைச்சர் எழுந்தார். கழுத்தளவு நீரில் விழித்த காத்தாயியை, அந்தக் கயிற்றையே வீசி மகள் கரைக்கு இழுத்தாள்.

"நாரெல்லாம் நனைந்துவிட்டதே, யாரடி பார்த்துக்கொண்டிருந்தது?" என்றாள் காத்தாயி.

செய்தியறிந்து வந்த நாட்டரசன் பரிசாகப் பொன்தட்டு நீட்டினான். பூங்காவனம் அதற்குப் பதிலாகத் துறைமுகக் கயிறு அனைத்தையும் திரிக்கும் உரிமையைக் கேட்டுப் பெற்றாள். காத்தாயி மட்டும் அந்தக் கயிற்றை விரலால் நெருடிப் பார்த்தாள்.

"இன்னும் இரண்டு முறுக்குப் போட்டிருக்கலாம்."

கயிற்றுக்குள் யாரோ மெல்லச் சிரித்தார்கள். அலைமேட்டில் அன்றுமுதல் எந்தக் கப்பலும் கட்டு அறுந்து போனதில்லை. கதை இங்கே முடிச்சிடப்பட்டது.