பதின்மூன்று மனையும் ஒரு வரைபடமும்

அவசரப்பட்டு விடை சொல்லிவிடாதீர்கள். அவசரப்பட்டவர் ஒருவர் இந்தக் கதையில் ஏற்கெனவே இருக்கிறார்.

அறுபதுகளில் அச்சுக்கோப்பவர்கள் சிலர் சங்கம் வைத்து, ஊருக்கு வெளியே நிலம் வாங்கினார்கள். கிழக்கு மேற்காக ஒரே வரிசை. சம அளவில் பதின்மூன்று மனைகள். முன்னும் பின்னும் ஒரே மாதிரித் தெரு. வரைபடத்தில் மேற்கு ஓரத்திலிருந்து ஒன்று முதல் பன்னிரண்டு வரை வீடுகள். கிழக்கு ஓரத்துப் பதின்மூன்றாவது மனை பூங்கா. பத்திரங்களில் எண்ணை மட்டும் எழுதினார்கள், திசையை எழுதவில்லை.

மனைகளுக்கு எல்லைக் கல் நட்ட அன்று படத்தை விரித்துப் பிடித்தவர் ரங்கபாஷ்யம். தலைகீழாகப் பிடித்திருந்தார். வேறு யாராக இருந்தாலும் கண்டுபிடித்திருப்பார்கள். இவர்களோ ஈய எழுத்தைத் தலைகீழாகவே படித்துப் பிழைத்தவர்கள். எண்கள் கவிழ்ந்து கிடந்தது ஒருவர் கண்ணையும் உறுத்தவில்லை. தேங்காய் உடைத்துவிட்டுச் சந்தோஷமாக வீடு திரும்பினார்கள். பூங்கா மேற்கு ஓரத்துக்குப் போயிற்று, ஒன்றாம் எண் கிழக்கு ஓரத்துக்கு வந்தது.

நாற்பது ஆண்டு யாரும் அதைக் கவனிக்கவில்லை. பிறகு பூங்காவில் பந்தாடிய பிள்ளைகள், பக்கத்து வீடான பன்னிரண்டாம் எண்ணின் ஜன்னல் கண்ணாடியை மூன்றாம் முறையாக உடைத்தார்கள். அது ரங்கபாஷ்யத்தின் வீடு. கொதித்துப் போனவர் பரணிலிருந்து பழைய படத்தைத் தேடி எடுத்தார். பூங்கா இருக்க வேண்டியது கிழக்கே என்று கண்டதும் நகராட்சிக்கு மனுப் போட்டார். தப்பு தன் கை வேலை என்பதை மட்டும் எழுதவில்லை.

கிழக்கு ஓரத்தில் இருப்பது சூசையம்மாளின் வீடு. செத்துப்போன கணவர் ஓவர்டைம் பார்த்துக் கட்டியது. பதினைந்து நாளில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்ததும், அவருக்குச் சோறு இறங்கவில்லை. பூங்காவை ஆக்கிரமித்த குற்றவாளியாம் அவர்! சொல்கிற எனக்கே வயிறு எரிகிறது.

சர்வேயர் கமருதீன் வந்தார். தெருவே கூடிவிட்டது.

“படம்னா படம்தான் சார். அதுல உள்ளபடியே எல்லாம் நடக்கட்டும்” என்றார் ரங்கபாஷ்யம்.

“நடக்கட்டுமே. எல்லாரும் இடம் மாறுங்க. நான் மட்டும் மாற வேண்டியதில்ல” என்றார் ஏழாம் எண் வேலுச்சாமி.

“இவருக்கு மட்டும் என்ன கொம்பா முளைச்சிருக்கு?” என்று சீறினார் ரங்கபாஷ்யம்.

சூசையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “தம்பி, பன்னெண்டு வீட்டைத் திருப்புறதுக்குப் பதிலா இந்த ஒரு காகிதத்தைத் திருப்பிப் பிடிச்சா ஆகாதா?”

கமருதீன் படத்தையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார்.

இந்த மூவரில் யார் சொன்னது சரி? விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சொல்லுங்கள்.

விடை: வேலுச்சாமியின் கணக்குச் சரிதான். பதின்மூன்றில் ஏழாவது மனை எந்த ஓரத்திலிருந்து எண்ணினாலும் நடுவில்தான் வரும். ரங்கபாஷ்யத்தின் வாதம் அவருக்கே ஆகாது. படத்தில் பூங்காவுக்கு அடுத்த மனை பன்னிரண்டு. பூங்கா கிழக்கே போனால் அவரும் கூடவே போக வேண்டும், பந்தும் பின்னாலேயே வரும். கமருதீன் இதைச் சொன்னதும் மனிதர் மனுவைத் திருப்பிக் கேட்டார். ஆனால் தீர்வைச் சரியாகச் சொன்னவர் சூசையம்மாள். பத்திரத்தில் திசையே இல்லாதபோது யார் வீட்டை எதற்கு இடிப்பது? படத்தில் வடக்கைக் காட்டும் அம்புக்குறியைக் கமருதீன் எதிர்ப்பக்கமாகத் திருப்பிப் போட்டு, கீழே கையெழுத்திட்டார். ஒரு செங்கல்லும் அசையவில்லை. சூசையம்மாள் தன் வீட்டுக்குள் போய் வாய்விட்டு அழுதார், சந்தோஷத்தில்.