மாப்பிள்ளைக்கு வேர்க்குரு

கத்திரி வெயிலில் கல்யாணத்துக்கு நாள் குறித்தார்கள். குறித்த லட்சணத்துக்கு, மூன்று நாள் முன்னால் மாப்பிள்ளை கொம்பையாவின் முதுகு முழுக்க வேர்க்குரு. கடுகை அள்ளி ஒட்டவைத்த மாதிரி.

பெண்ணின் அப்பா சடையப்பரிடம், மாப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் படை நோய் என்று எவனோ ஓதிவிட்டான். வியாழக்கிழமை நேரில் வந்து பார்ப்பேன், உடம்பில் ஒரு புள்ளி தெரிந்தாலும் பெண் கிடையாது என்று அவர் சொல்லியனுப்பினார். முப்பத்தாறு வயதுவரை பெண் தேடி அலைந்த கொம்பையாவுக்கு உயிரே போய்விட்டது. அரிப்பு மட்டும் போகவில்லை.

அவனுக்கு அண்ணன்மார் இரண்டு பேர். மூத்தவன் மூக்காண்டி, அடுத்தவன் பெத்தணன். வைத்தியரிடம் ஓடினார்கள்.

"சந்தனம் அரைச்சுப் பூசுங்க. வேர்க்க விடாதீங்க. விசிறிக்கிட்டே இருங்க. போங்க" என்றார் வைத்தியர்.

அவ்வளவுதான் சொன்னார். அவர்களுக்கு அதுவே அதிகம்.

"கல்லுல அரைச்சா பாதி கல்லோடயே போயிரும்" என்றான் மூக்காண்டி.

பெத்தணன் தம்பியின் முதுகைத் தடவிப் பார்த்தான். "அண்ணே, இதுவே கல்லு மாதிரி சொரசொரன்னுதானே இருக்கு?"

தண்ணீர் தெளித்து, சந்தனக் கட்டையை முதுகிலேயே வைத்துத் தேய்த்தார்கள். கொம்பையா போட்ட சத்தத்தில் பக்கத்துத் தெரு நாய்கள் ஊரைக் காலி செய்தன.

அப்புறம் விசிறல். ஆளுக்கொரு பனையோலை விசிறி. புதன்கிழமை பொழுது சாய்வதற்குள் அண்ணன்மார் முதுகிலும் வேர்க்குரு.

"விசிறினா நமக்கு வேர்க்குது. விசிறலைன்னா அவனுக்கு வேர்க்குது. என்னடா செய்ய?"

பெத்தணன் வெகுநேரம் யோசித்தான். "விசிறிதான் அசையணும்னு என்ன சட்டம் அண்ணே? விசிறி நிக்கட்டும். இவன் அசையட்டும்."

கல்யாணப் பந்தல் கால்களில் விசிறிகளைக் கட்டினார்கள். சந்தனத்தைக் குழைத்து அப்பி, கொம்பையாவை அவற்றின் முன்னால் குறுக்கும் நெடுக்கும் ஓடவிட்டார்கள்.

"காத்து வருதாடா?"

"வருதுண்ணே. ஆனா வேர்க்குதே!"

"வேகம் பத்தலை. ஓடு!"

வியாழன் மத்தியானம் சடையப்பர் வந்தபோது மாப்பிள்ளை நாக்குத் தள்ள ஓடிக்கொண்டிருந்தான். அவர் குடையை மடக்கிவிட்டு முழுக் கதையையும் கேட்டார். முகம் சிவந்தது.

"சுத்த மடையன்களா இருக்கீங்களே! ஓடினா மனுசனுக்கு வேர்க்காதா?"

அண்ணன்மார் தலை குனிந்தார்கள். கல்யாணம் போச்சு என்று கொம்பையா தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மாப்பிள்ளை உக்காரட்டும்" என்றார் சடையப்பர். "பந்தக்காலை ஆட்டணும்ய்யா! விசிறி தானா ஆடும். இது கூடத் தெரியலையா?"

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே முதல் காலைப் பிடித்தார். அண்ணன்மார் ஆளுக்கொன்று பிடித்தார்கள். மூன்றாவது தடவை ஆட்டியதும் பந்தல் மொத்தமும் மாப்பிள்ளை தலையில் இறங்கியது.

ஓலையை விலக்கிக் கொம்பையாவை வெளியே இழுத்தார்கள். ஈரச் சந்தனத்தின் மேல் புழுதி கனமாக அப்பியிருந்தது. சடையப்பர் அவனைச் சுற்றிச் சுற்றி வந்து, அங்குலம் அங்குலமாகப் பார்த்தார்.

"ஒரு புள்ளி இல்லை" என்றார். "நாளைக்குத் தாலி கட்டலாம். அதுவரைக்கும் ஒருத்தனும் இவரைக் குளிப்பாட்டக் கூடாது. குளிச்சா வேர்க்குரு திரும்ப வந்துரும்."