ஓராண்டுக் காவல், ஒரே ஓலை

"வாசல் காவலர்கள் தினம் எழுதிய ஓராண்டுக் குறிப்பு முழுவதும் ஒரே ஓலையில் அடங்க வேண்டும். ஒரு நாள் விட்டுப்போனாலும் உன் விரல் போகும்" என்று எழுத்தன் மாசாணத்தை மிரட்டினார் தளவாய் விருப்பாட்சி.

மறுநாள் சபையில் ராஜா அந்த ஓலையை வாசித்தார். வடக்கு வாசலில் பௌர்ணமிதோறும் சந்தைக் கூட்டம், மற்ற நாளெல்லாம் அமைதி. தெற்கு வாசலில் தினம் ஒரு கலகம் என்பதால், அதை மட்டும் பொடி எழுத்தில் நாள்வாரியாக எழுதியிருந்தான் மாசாணம். தளவாயே காவல் பார்த்த மேற்கு வாசலுக்கு ஒரே வரி: 'ஆண்டு முழுதும்: நேரில் பார்த்தேன், அமைதி.'

ராஜா மாசாணத்தை நிமிர்ந்து பார்த்தார். "ஐப்பசியில் அந்த வாசல் எரிந்து ஏழு பேர் செத்தார்களேடா?"

"அன்றைக்கும் தளவாய் இதையேதான் எழுதியிருக்கிறார், மகாராஜா. மாறாத வரியை மறுபடி எழுதுவானேன் என்று விட்டுவிட்டேன்."

தளவாய் ஓலையை வாங்கிப் பார்த்தார். தான் எழுதியதை அவர் வாசிப்பது அதுவே முதல்முறை.