ஆட்காட்டி வைத்த கற்கள்

இந்தக் கதையை எனக்கு முதலில் சொன்னது ரோசம்மாள் அக்கா. என் கடைசி மகளைக் கட்டிக்கொடுத்த வருசம், எங்கள் ஊர்ச் செம்மணல் மேடான தேரியில் குச்சி நட்டு, மணல் எவ்வளவு நகருது என்று அளக்க வந்தவள். ஒரு மாதம் தனியாகத்தான் அளந்தாள்.

ஆடும் குருவியும் வாய் பேசிய அந்தக் காலத்தில், தேரிக்கு நடுவே ஒரே ஒரு சுனை இருந்தது. ஆடிக்கு ஆடி மணல் அதை நெருங்கி வந்தது. ஆண்டவர் விட்ட வழி என்று அங்கே தண்ணீர் குடித்த எல்லாரும் இருந்துவிட்டார்கள். அப்போதெல்லாம் மரத்தில் கூடு கட்டிய ஆட்காட்டிக் குருவிக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. மணல் ஓரத்தில் கூழாங்கற்களை வரிசையாக வைத்தது. தினமும் நாலு எட்டு நடக்கும், நிற்கும், எந்தக் கல்லை மணல் மூடியது என்று குனிந்து பார்க்கும்.

வெள்ளாடு சிரித்தது. "ஏட்டி நெட்டைக்காலி, நீ பாத்தா மணல் வெக்கப்பட்டு நின்னுருமாக்கும்?"

"நிக்காது மதினி. எதனால வருதுன்னு தெரிஞ்சிரும்லா."

காற்றுதான் காரணம் என்று முதலில் அதுவும் நினைத்தது. ஆனால் முள் விழுந்து கிடந்த மூலையில், ஆடு வாய் வைக்காத புல் படர்ந்திருந்தது. அதே காற்றுதான், அங்கே ஒரு கல்லையும் மணல் மூடவில்லை. சந்தேகம் தீர, வேறோர் இடத்திலும் முள்ளை இழுத்துப் போட்டு, ஒரு மழையும் ஒரு ஆடியும் பொறுத்துப் பார்த்தது. அங்கேயும் புல் முளைத்து மணலைப் பிடித்து நிறுத்தியது.

சுனையோரப் புல்லை ஒரு வருசம் மட்டும் விட்டுவிடச் சொல்லி ஆட்டிடம் கெஞ்சியது. குட்டிகள் பசியில் கிடக்க, கல்லை நம்பச் சொல்கிறாயா என்று ஆடு கடைசிப் புல்லையும் வேரோடு பிடுங்கித் தின்றது. மணல் சுனை விளிம்பைத் தொட்டதும் எல்லாரும் வேறு தண்ணீர் தேடிக் கிளம்பினார்கள்.

"நீயும் வாட்டி," என்றது ஆடு.

"நான் வந்துட்டா கல்லை யாரு பாக்குறது?"

அதற்குப் பிறகு பேச யாருமில்லை. ஆட்காட்டி சுனையைச் சுற்றி முள்ளை இழுத்துப் போட்டது. முட்டையிடும் நேரம் வந்தது. மரத்தில் போய் உட்கார்ந்தால் கற்கள் கண்ணுக்குத் தெரியாது. அதனால் கடைசி வரிசைக் கற்களுக்கு நடுவே, வெறுந்தரையில் முட்டையிட்டது. மணல் வந்தால் முட்டைக்கு மேல்தான் வரும். அப்படியே அடைகாத்தது.

மழை பெய்தது. முள்ளுக்குள் புல் வேர் பிடித்தது. மணல் கல்லுக்கு அந்தப் பக்கமே நின்றது. குஞ்சு பொரித்தது, சுனையும் பிழைத்தது. அதைச் சொல்லத்தான் ஆளில்லை. தேரி முழுக்கக் கூப்பிட்டுப் பார்த்தது, யாரும் திரும்பவில்லை.

ஆட்காட்டி இன்றைக்கும் தரையில் கல்லோடு கல்லாக முட்டையிடுவதும், நாலு எட்டு நடந்து நின்று குனிவதும், ஆளைக் கண்டாலே கத்திக் கூப்பிடுவதும் அன்று தொடங்கியதுதான்.

தேரிப் பக்கம் போனால், கொஞ்சம் பார்த்துக் கால் வையுங்க.