பச்சை மனிதனின் தொப்பி

புத்தி எல்லா ஊரிலும் விளைகிற சரக்குதான். ஆனால் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஜெர்மனிக்குப் படிக்கக் கிளம்பிய நான்கு பேர், விமானத்தில் எடை கூடிவிடும் என்று பயந்து அதை மட்டும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்கள்.

நால்வரில் மூத்தவன் பூவலிங்கம். மற்றவர்கள் தவசி, சங்கிலி, ஐயம்பெருமாள். பூவலிங்கம் கிளம்பிய அன்று அவன் அப்பா பஸ் ஸ்டாண்டில் 'ஜெர்மனியைக் கலக்கப்போகும் சிங்கமே' என்று பெரிய ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். பெயிலாகித் திரும்பினால் அந்தச் சிங்கத்துக்கு எதிரில்தான் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டும். அந்தப் பயத்தில் அவனுக்குச் சோறே சரியாக இறங்கவில்லை.

வகுப்புத் தொடங்கிய வாரமே பேராசிரியை ஹெல்கா சொல்லிவிட்டார்: "ஞாயிற்றுக்கிழமை கடிகார அருங்காட்சியகத்துக்குப் போய் நோட்டில் வருகை முத்திரை வாங்குங்கள். பார்த்ததை ஒரு பக்கம் எழுதித் திங்கட்கிழமை கொடுங்கள். கொடுக்காதவர் பெயில். வழியில் ஊர்ப் பழக்கத்தையும் கற்றுக்கொள்ளுங்கள். இங்கே வண்டி வராவிட்டாலும் சிக்னலுக்கு நிற்பார்கள். அது காட்டுவதை அப்படியே செய்யுங்கள். ரோட்டில் எதையும் எறியாதீர்கள்."

நால்வரும் அதை நோட்டில் எழுதி, அடிக்கோடும் போட்டுக்கொண்டார்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கே போய்விட்டார்கள். அருங்காட்சியகம் எதிரிலேயே தெரிந்தது. நடுவில் ஒரு ரோடுதான் பாக்கி. நடப்பவர்களுக்கான சிக்னல் விளக்கில் சிவப்பு மனிதன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றான். இவர்களும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்கள். பக்கத்தில் நாயோடு நின்ற பெரியவர் இரண்டடி தள்ளிப்போய் நின்றுகொண்டார்.

பச்சை விழுந்தது. காலெடுத்து வைத்த சங்கிலியைப் பூவலிங்கம் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"ஏலே, பச்சையில நடக்கிறவன் தலையப் பாரு. தொப்பி போட்டிருக்கான்!"

பொய்யில்லை. ஜெர்மனியின் கிழக்குப் பக்கத்து ஊர்களில் சிக்னல் மனிதனுக்குத் தலையில் ஒரு தொப்பி உண்டு.

"அப்போ தொப்பி போட்டவுகதான் போகணுமோ?" என்றான் தவசி.

"காட்டுறத அப்படியே செய்யணும்னு மேடம் சொன்னாகள்லா?"

"அந்த நாய்க்காரரு வெறுந்தலையோட போறாரே?" என்றான் சங்கிலி.

"அவரு படிக்க வரலலே. அவர யாரு பெயிலாக்கப் போறா?" என்றான் பூவலிங்கம்.

கையில் இருந்தது ஒரே ஒரு தொப்பி. பூவலிங்கத்தின் அம்மா குளிருக்கு வாங்கிக் கொடுத்த குரங்குக் குல்லாய். மற்ற மூவரின் குல்லாயும் அறையில் துவைத்துக் காயப்போட்டிருந்தது.

"ஓடிப்போய் எடுத்துட்டு வரட்டுமா?" என்றான் சங்கிலி.

"ஈரமா இருக்கும்லே. பச்சை மனுசன் தொப்பியில தண்ணி சொட்டுதா பாரு" என்றான் ஐயம்பெருமாள். பார்த்தார்கள். சொட்டவில்லை.

ஆகவே ஒவ்வொருவராகப் போவதென்று தீர்மானமாயிற்று. முதலில் சங்கிலி குல்லாயை மாட்டிக்கொண்டு கம்பீரமாக எதிர்ப்பக்கம் போய்ச் சேர்ந்தான். திரும்பிப் பார்த்தால் மூன்று வெறுந்தலைகள். குல்லாய் இவனிடம் இருக்கிறது, அவர்கள் எப்படி வருவார்கள்? அடுத்த பச்சையில் திரும்பி வந்து குல்லாயைக் கொடுத்தான். தவசி போனான், திரும்பி வந்து கொடுத்தான். ஐயம்பெருமாளும் அப்படியே.

"அங்கிருந்தே தூக்கி எறிஞ்சா என்னலே?" என்றான் சங்கிலி.

"ரோட்டுல எதையும் எறியக் கூடாது" என்று மற்ற மூவரும் ஒரே குரலில் அதட்டினார்கள்.

பூவலிங்கம் மட்டும் ஆறு தடவை அருங்காட்சியக வாசல்வரை போய்விட்டான். ஏழாவது தடவை கதவின் கைப்பிடியையே பிடித்துவிட்டான். எதிரே மூன்று பேரும் தலையைத் தடவிக்கொண்டு தன்னையே பார்ப்பதைக் கண்டதும் மனசு கேட்கவில்லை. திரும்பி வந்துவிட்டான்.

இப்படியே மணி ஐந்தாயிற்று. கதவை மூடிவிட்டார்கள். பூவலிங்கத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்போது மாணவர்களை எதிர்பார்த்து நாள் முழுக்க உள்ளே உட்கார்ந்திருந்த பேராசிரியை வெளியே வந்தார். பச்சை விழுந்ததும் வெறுந்தலையோடு விறுவிறுவென்று ரோட்டைக் கடந்தார். நால்வரும் பதறிப்போய், கெட்டதைப் பார்க்க வேண்டாமென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"ஏன் நீங்கள் வரவேயில்லை?" என்றார் அவர்.

"மேடம், நீங்க கவலைப்படாதீங்க. நாங்க எதையும் பாக்கல. யார்ட்டயும் சொல்லவும் மாட்டோம்" என்றான் பூவலிங்கம் தாழ்ந்த குரலில்.

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அவன் கண்ணீரைப் பார்த்து இரக்கப்பட்டார். "சரி, என்னிடம் சாவி இருக்கிறது. கூடவே வாருங்கள், முத்திரை போட்டுத் தருகிறேன்" என்று சொல்லி மறுபடி ரோட்டில் இறங்கப் போனார்.

பூவலிங்கம் தன் தலையில் இருந்த குல்லாயைத் தொட்டுப் பார்த்தான். இருப்பது ஒரு குல்லாய். இந்தப் பக்கம் தன் படிப்பு, அந்தப் பக்கம் மறுபடியும் தப்புச் செய்யப் போகும் குரு. ஒரு நொடிதான் யோசித்தான். குரங்குக் குல்லாயைக் கழற்றிப் பேராசிரியையின் தலையில் மாட்டி, கழுத்துவரை இழுத்துவிட்டு, "இப்போ தைரியமாப் போங்க மேடம்" என்று அனுப்பிவைத்தான்.

திகைப்பில் அவர் அப்படியே கடந்துபோய், எதிர்ப்பக்கம் நின்று திரும்பிப் பார்த்தார். குல்லாய்க்குள் இரண்டு கண் மட்டும் தெரிந்தது.

பூவலிங்கம் வாயில் கைகுவித்துக் கத்தினான்: "மேடம்! உள்ள போயி எல்லாத்தையும் நல்லாப் பாத்து ஒரு பக்கம் எழுதிருங்க. திங்கட்கிழமைக்குள்ள எங்ககிட்ட கொடுத்துரணும், இல்லேன்னா நீங்க பெயிலு!"