பாத்துக்கலாம், வேலை நம்பர் ஒண்ணு

காலேஜ் ப்ராஜெக்ட்டுக்காக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வந்தவ தமயந்தி. மீட்டிங்ல பேசுறதைக் கேட்டு, செய்ய வேண்டிய வேலைகளைத் தானே பட்டியல் போடுற டூல் ஒண்ணு அங்க தயாராச்சு. அதுக்குள்ள இருக்குற ஏஐ ஏஜென்ட் எதை வேலைன்னு பதியணும், எதைப் பதியக்கூடாதுன்னு நாலு பக்கம் கையேடு எழுதினா.

மேனேஜர் குலசேகரன் அதைத் தூக்கிப் போட்டாரு. "நாலு பக்கமா? 'சார் சொல்றதெல்லாம் வேலை'ன்னு ஒரே வரி போடு. இல்லன்னா உன் ப்ராஜெக்ட்ல என் கையெழுத்து கிடையாது."

"எழுத்து மாறாம போடுறேன் சார்."

அன்னைக்கே தமயந்தியையும் பக்கத்துல வச்சுக்கிட்டு, டைரக்டர் மேடம் முன்னாடி அந்த டூலை ஓட்டிக் காட்டினாரு.

"டெஸ்டிங் யாரு பண்றது?"ன்னு மேடம் கேட்டாங்க.

"பாத்துக்கலாம் மேடம்."

திரையில விழுந்துச்சு: வேலை ஒண்ணு, பாத்துக்கலாம். பொறுப்பு: யாருமில்ல. தேதி: இல்ல.

சார் அவசரமா மழுப்பினாரு. "லூசு ஏஜென்ட் மேடம் இது!"

வேலை ரெண்டு: லூசு ஏஜென்ட் மேடம் இது.

மேடம் முகம் செவந்துச்சு. "கையேடு யாரு எழுதினது?"

"கை என்னோடது, வரி சாரோடது மேடம். நான் எழுதின நாலு பக்கம் குப்பைத்தொட்டியில கெடக்கு."

"எடுத்துட்டு வாம்மா. கையெழுத்து நான் போடுறேன்."