மெதுவாப் பேசத் தெரியாத கொளஞ்சி

ஒரு ஊர்ல ஒரு கொய்யாக்காரி இருந்தா. ராஜா, ராணியெல்லாம் கிடையாது, கேக்காத. பேரு கொளஞ்சி. பாம் பாம்னு பஸ்ஸு கத்துற பஜார்ல, அதுக்கும் மேல "கொய்யாஆ"னு கத்துவா. கத்திக் கத்தி மெதுவாப் பேசவே மறந்துபோச்சு. ம் சொல்லு.

"ம்."

அவ பொண்ணு அஞ்சலைக்குக் காய்ச்சல். மூணு நாளா ஆஸ்பத்திரில கண்ணே திறக்கல. செத்துடுவாளோன்னு கொளஞ்சிக்குப் பயம்.

மூணாம் நாள் மத்தியானம், பஜாருக்குள்ளயே இருக்கிற பழைய மாதா கோயிலுக்குப் போனா. வெள்ளைக்காரங்க கட்டுனது. பரோக் பாணின்னு வாசல்ல எழுதியிருக்கும். தூணெல்லாம் முறுக்கு மாதிரி முறுக்கி, தங்கம் பூசி, கூரை பூரா றெக்கை வச்ச குண்டுக் குழந்தைங்க. உள்ள போனா பஸ்ஸு சத்தமே இல்ல.

"மாதாவே, எம்பொண்ணு..."ன்னா. கும்ம்ம்னு கூரை முழுக்க அதிருது. படபடன்னு புறா பறக்குது.

"யம்மா, இது என்ன மார்க்கெட்டா?"ன்னாரு பெஞ்சுல ஒரு தாத்தா.

அப்புறம் தூணுக்குப் பின்னாடி போயி, வாயைப் பொத்திக்கிட்டுச் சொன்னா. அப்பவும் கும்ம்ம். "உஷ்"னா ஒரு அக்கா.

அப்புறம் மாதா காலடியில முட்டி போட்டா. வாயைத் திறந்தா. காத்துதான் வந்துச்சு. அப்படியே உக்காந்துட்டா.

தூங்கிட்டியா?

"ம்ஹூம்."

கோயில் பெருக்குற சவரிமுத்து வந்தாரு. "கேட்டாச்சாம்மா?"

"எங்க கேக்க. எனக்கு மெதுவாப் பேச வராதுங்க."

"பொண்ணுகிட்ட எப்படிப் பேசுவ?"

"கத்தித்தான். ஆஸ்பத்திரில சத்தம் போடாதீங்கன்னு எழுதியிருக்கு. அதான் மூணு நாளா அவகிட்ட வாயே திறக்கல."

அவரு துடைப்பத்தை நிறுத்திட்டாரு. "அப்போ நீ பக்கத்துல இருக்கிறதே அவளுக்குத் தெரியாதே."

கொளஞ்சி எந்திரிச்சா. மாதாவைக்கூடத் திரும்பிப் பாக்கல. திடுதிடுன்னு ஓடுனா.

வார்டுல நர்ஸு கையை நீட்டித் தடுத்தாங்க. இவ நிக்கல. கட்டில்கிட்ட போயி, பஜார்ல கத்துற அதே தொண்டையில,

"ஏ அஞ்சலே!"

வார்டே திரும்பிப் பாத்துச்சு. அஞ்சலை அசையல. இன்னொரு தடவை கூப்பிட்டா. அசையல. மூணாவது தடவை தொண்டை கிழிஞ்சு, பாதிப் பேருதான் வந்துச்சு.

அஞ்சலை புருவம் சுருங்குச்சு.

"ஏம்மா கத்துற."

மருந்துதான் வேலை செஞ்சுச்சுன்னு டாக்டர் சொன்னாரு. இருக்கலாம். எனக்குத் தெரியாது.

அவ கண்ணைத் திறந்துட்டா. கதை அவ்வளவுதான். நீ கண்ணை மூடு.